பத்தாயிரத்து எண்பது காரணிகள்

67,46,32,83,88,800. ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இந்த எண், 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஓர் அட்டவணையின் கடைசி வரியில் இருக்கிறது. அட்டவணையைக் கையால் கணக்கிட்டுத் தயாரித்தவர், கும்பகோணத்தில் வளர்ந்து கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போன சீனிவாச ராமானுஜன். அப்போது அவருக்கு வயது 27.

ராமானுஜன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது 1729. வாடகை வண்டியின் எண்ணும் மருத்துவமனைக் கட்டிலும் சேர்ந்த அந்த நிகழ்ச்சி நமக்கு மனப்பாடம். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் ராமானுஜன் எப்படி வேலை செய்தார், எண்களிடம் என்ன கேட்டார் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு 1729ஐவிட இந்தப் பதின்மூன்று இலக்க எண்தான் அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். 6க்கு 1, 2, 3, 6 என நான்கு காரணிகள். 7க்கு 1, 7 என இரண்டே. எண்கள் பெரிதாகும்போது காரணிகளின் எண்ணிக்கை ஒழுங்காக ஏறுவதில்லை. 60க்குப் பன்னிரண்டு காரணிகள், அடுத்துவரும் 61க்கு இரண்டு. இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவே, தனக்கு முன்னால் வந்த எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைப் பெற்று அவ்வப்போது ஓர் எண் தலைதூக்கும். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை போகிறது. ராமானுஜன் இவற்றுக்கு வைத்த பெயரைத் தமிழில் மிகுபகு எண்கள் எனலாம். பகா எண்கள் பங்குபோட மறுப்பவை. இவை பங்குபோடுவதில் அந்தந்த உயரத்துக்குச் சாதனை படைத்தவை.

அன்றாட வாழ்வில் இவை நமக்குப் புதியவை அல்ல. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு அறுபது விநாடி என்று நம் முன்னோர் காலத்தைப் பகுத்தார்கள். வட்டத்துக்கு 360 பாகை, நாளுக்கு 24 மணி. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில், ஒரு நல்ல நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்கவேண்டும் என்றார். அவர் காட்டிய காரணம் முழுக்கக் கணக்கு சார்ந்தது: அந்த எண்ணைத் தவிர்த்தே அதற்கு 59 காரணிகள், ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் அது வகுபடும், ஆகவே வரிக்கும் போருக்கும் நிலப் பங்கீட்டுக்கும் மக்களை எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். 5040 ஒரு மிகுபகு எண். கட்டுரையின் பிற்பகுதியில் இதே எண் வேறொரு வேடத்தில் வரும்.

இனி நம் எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். அதன் பகாக் காரணி வடிவம்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. இதன் காரணி ஒன்றை உருவாக்க, 2ஐ எத்தனை முறை சேர்ப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஏழு வழிகள். 3க்கு ஐந்து வழிகள், 5க்கும் 7க்கும் மும்மூன்று, மீதி ஐந்து பகா எண்களுக்கும் சேர்ப்பது அல்லது விடுவது என இவ்விரண்டு. 7 × 5 × 3 × 3 × 32. பெருக்கினால் 10,080.

இது எவ்வளவு அதிகம் என்பதை உணர ஓர் ஒப்பீடு வேண்டும். இந்த அளவுள்ள எண்களை எடுத்துக்கொண்டு சராசரி பார்த்தால் ஓர் எண்ணுக்குச் சுமார் முப்பது காரணிகள்தான் வரும். எண்ணின் இயல் மடக்கையை ஒட்டியே இந்தச் சராசரி அமையும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டிரிஷ்லே நிறுவிவிட்டார். முப்பது எங்கே, பத்தாயிரம் எங்கே! 1 முதல் 28 வரை எல்லா எண்களும் இதை வகுக்கின்றன. முதலில் தோற்பது 29. நூறு வரையுள்ள எண்களில் 76 எண்கள் இதன் காரணிகள். வகுக்காத 24 எண்களும் 29, 31, 37 முதலான பெரிய பகா எண்களோ அவற்றின் மடங்குகளோ ஆகும். இன்னொரு பண்பும் எனக்குப் பிடித்தமானது. அடுக்குகள் இரட்டையாக உள்ள பகுதியைத் தனியே எடுத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² என்பது 2520இன் வர்க்கம். 1 முதல் 10 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 2520. அதுவும் ஒரு மிகுபகு எண். ஆக நம் எண் 2520 × 2520 × 1062347. கடைசியில் நிற்பது 11 முதல் 23 வரையுள்ள ஐந்து பகா எண்களின் பெருக்கல்.

அடுக்குகளை வரிசையாகப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்குமே ஏறவில்லை. பகா எண்கள் நடுவில் எதையும் தாண்டாமல் 2 முதல் 23 வரை அடுத்தடுத்து வருகின்றன. இது தற்செயல் அல்ல என்பதே ராமானுஜனின் முதல் கண்டுபிடிப்பு. 2க்கும் 3க்கும் உரிய அடுக்குகளை மாற்றி 2⁴ × 3⁶ என்று வைத்தால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, ஆனால் எண் இரண்டேகால் மடங்கு பெரிதாகிவிடும். அதே செல்வத்துக்கு அதிக விலை. ஆகவே மிகுபகு எண்ணில் சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரியதன் அடுக்குக்குக் குறையவே முடியாது.

கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும் என்பது இன்னும் நுட்பமான முடிவு. 23க்குப் பதில் 23² வைத்தால் என்ன ஆகும்? எண் 23 மடங்காகும், காரணிகள் ஒன்றரை மடங்காகும். அதற்குப் பதிலாக 2⁶ஐ 2¹⁰ ஆக்கிப் பார்ப்போம். எண் 16 மடங்குதான் ஆகும். காரணிகளோ ஏழுக்குப் பதினொன்று என்ற கணக்கில் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். குறைந்த செலவில் கூடுதல் வரவு. எனவே 23² உள்ள எண் இந்தப் போட்டியில் நிற்காது. இந்த விதிக்கு உலகத்தில் இரண்டே விலக்குகள்: 4, 36. இதை ராமானுஜன் முழுமையாக நிறுவினார்.

சரி, 23 எதற்கு, அதையும் எடுத்துவிட்டு மலிவான 2களையும் 3களையும் சேர்க்கலாமே என்று கேட்கத் தோன்றும். 23ஐ நீக்கிவிட்டு 24ஆல், அதாவது 2³ × 3ஆல் பெருக்குவோம். எண் சற்றே பெரிதாகிறது. அடுக்குகள் 9, 5 ஆகின்றன. காரணிகள் 10 × 6 × 3 × 3 × 16, அதாவது 8640. எண் கூடியும் 1440 காரணிகள் குறைந்துவிட்டன. புதிய பகா எண் ஒன்று உள்ளே வந்தால் காரணிகள் இரட்டிக்கும். பழைய பகா எண்ணின் அடுக்கை ஏற்றினால் வரவு போகப்போகக் குறையும். எந்த உயரத்தில் எதைச் சேர்ப்பது லாபம் என்ற இந்த இழுபறிதான் ராமானுஜனின் கட்டுரை முழுவதும் ஓடுகிறது. இந்தக் கட்டுரை கணிதத்தின் முக்கிய நீரோட்டங்களிலிருந்து ஒதுங்கி நிற்பது என்று கருதிய கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியே, அசமன்பாடுகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கு இருந்த அசாதாரணமான ஆளுமையை இதில் கண்டு வியந்தார்.

இழுபறியைத் தீர்த்துவைக்க ராமானுஜன் ஒரு கருவியைச் செய்தார். அதை நம் எண்ணின் பக்கத்திலேயே இயக்கிப் பார்க்கலாம். 0.207 என்ற பின்னத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பகா எண்ணையும் அந்த அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கழித்து, தலைகீழாக்கி, வரும் விடையில் முழு எண் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவே அந்தப் பகா எண்ணுக்கு உரிய அடுக்கு. 2க்கு 6.48 வருகிறது, ஆக அடுக்கு 6. 3க்கு 3.92, அடுக்கு 3. 5க்கு 2.53, 7க்கு 2.02, இரண்டுக்கும் அடுக்கு 2. 11க்கு 1.56, 23க்கு 1.09, அடுக்கு 1. 29க்கு வருவது 0.99, ஒன்றைத் தொடவில்லை, ஆகவே 29க்கு இடமில்லை. இப்படி எழும் எண் 22,48,77,61,29,600. காரணிகளின் எண்ணிக்கையை எண்ணின் 0.207ஆவது அடுக்கால் வகுத்தால் வரும் விகிதம், எல்லா முழு எண்களிலும் இந்த எண்ணுக்குத்தான் உச்சம். இத்தகையவை மிகுபகு எண்களிலும் மேலானவை. உயர்நிலை மிகுபகு எண்கள் என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் முந்தையதை ஒரே ஒரு பகா எண்ணால் பெருக்கிக் கிடைப்பது: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720 என்று அவை ஏறுகின்றன.

3க்கு வந்த விடையைக் கவனித்திருப்பீர்கள். 3.92. நான்கை எட்ட மயிரிழைதான் குறை. அந்தக் குறையைப் பொருட்படுத்தாமல் இன்னொரு 3ஐச் சேர்த்தால் கிடைப்பது நம் 67,46,32,83,88,800. உச்சப் புள்ளியிலிருந்து ஓரடி விலகி நிற்கும் எண் அது. உயர்நிலைப் பட்டத்தை இழந்தாலும் மிகுபகு எண்ணாக நிலைத்துவிட்டது. அதற்கு முந்தைய மிகுபகு எண் 44,97,55,22,59,200, காரணிகள் 9216. அதன் ஒன்றரை மடங்கு நம் எண். அடுத்தது 89,95,10,45,18,400, காரணிகள் 10,368. நம் எண்ணைப்போல 4/3 மடங்கு. மேலே போகப் போக அடுத்தடுத்த மிகுபகு எண்களின் விகிதம் ஒன்றை நெருங்கிக்கொண்டே போகும் என்றும் ராமானுஜன் காட்டினார். அவை எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்ற கேள்வியை 1944இல் பால் எர்டிஷ் இன்னும் முன்னே கொண்டுபோனார்.

அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. அதற்கு 5040 காரணிகள். அதன் வடிவம் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. இதை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது! விடுபட்ட இடத்தைப் பார்த்தால் காரணம் ஓரளவு புலப்படும். அதற்கு முன்னால் நிற்கும் 2,40,94,02,99,600க்கு 4800 காரணிகள், பின்னால் நிற்கும் 3,21,25,37,32,800க்கு 5376. இவ்விரண்டிலும் 23 இருக்கிறது, 7 ஒரே முறைதான் வருகிறது. நடுவில் உள்ள எண்ணிலோ 23 இல்லை, அதற்கு ஈடாக 7 இரண்டு முறை வருகிறது. கடைசிப் பகா எண் 23க்கு ஏறி, ஒரு படி 19க்கு இறங்கி, மறுபடி 23க்கு ஏறுகிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில், கோடிக்கணக்கான எண்களுக்கு நடுவே, ஏறக்குறைய நூறு எண்களைத் தனிமனிதர் பொறுக்கியெடுத்த அட்டவணையில் தப்பியது இது ஒன்றுதான் என்பதைக் காணும்போது, தப்பாமல் பிடித்தவற்றின் மீதுதான் என் கவனம் போகிறது. மேலே சொன்ன விதிகள் கையில் இல்லாவிட்டால் இந்தத் தேடலைத் தொடங்கவே முடியாது.

உச்சத்தை ஆராய்ந்த அதே மனிதர் இரண்டே ஆண்டுகளில் எதிர்க்கேள்வியையும் எழுப்பினார்: சாதாரண எண் எப்படி இருக்கும்? 1917இல் ஹார்டியும் ராமானுஜனும் தந்த விடை, பெரும்பாலான எண்களுக்கு வெவ்வேறான பகாக் காரணிகள் அந்த எண்ணின் மடக்கையின் மடக்கை அளவிலேயே இருக்கும் என்பது. நம் எண்ணின் உயரத்தில் அது சுமார் 3.4. அக்கம்பக்கத்து எண்கள் மூன்று நான்கு பகா எண்களோடு நிற்கையில் நம் எண்ணிடம் ஒன்பது இருக்கின்றன. அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு எண்களுக்கோ 23 வரையுள்ள பகா எண்களில் ஒன்றுகூடக் காரணியாக முடியாது.

மிகுபகு எண்களைப் பற்றிய அந்தக் கட்டுரையின் பலத்தில்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் ராமானுஜனுக்கு ஆய்வுவழிப் பட்டம் அளித்தது. ஆனால் 1915இல் அச்சானது அவர் எழுதியதில் ஒரு பகுதிதான். லண்டன் கணிதச் சங்கம் பணநெருக்கடியில் இருந்ததால் 52 பிரிவுகளோடு கட்டுரை நிறுத்தப்பட்டது. மீதிக் கையெழுத்துப் படி டிரினிட்டி கல்லூரியின் காகிதங்களுக்குள் கிடந்தது. ராமானுஜனின் 'தொலைந்த குறிப்பேடு' 1988இல் நரோசா வெளியீடாக வந்தபோது அதோடு சேர்ந்து இதுவும் வெளிச்சத்துக்கு வந்தது. 1997இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் ழான் லூயி நிக்கோலாவும் கி ரோபனும் விளக்கக் குறிப்புகளோடு அதைப் பதிப்பித்தார்கள். வெளியிட்டது, ராமானுஜன் பெயரிலேயே தொடங்கப்பட்டிருந்த ஆய்விதழின் முதல் தொகுதி. எழுதியவர் மறைந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அச்சாகாத அந்தப் பகுதியில் ராமானுஜன் காரணிகளின் எண்ணிக்கையைத் தாண்டி அவற்றின் கூட்டுத்தொகைக்குப் போயிருந்தார். நம் எண்ணின் காரணிகள் அனைத்தையும் கூட்டினால் அந்த எண்ணைப்போல ஏறத்தாழ 5.84 மடங்கு வரும். இந்த மடங்கு எவ்வளவு தூரம் உயரலாம்? எண்ணின் மடக்கையின் மடக்கையை 1.781 என்ற மாறிலியால் பெருக்கினால் கிடைக்கும் அளவை ஒட்டியே அதன் உச்சங்கள் அமையும் என்று 1913இல் கிரோன்வால் காட்டியிருந்தார். நம் எண்ணுக்கு அந்த அளவு 6.03. 5.84 அதற்குள் அடங்கிவிடுகிறது. ரீமன் கருதுகோள் உண்மையானால், போதுமான அளவு பெரிய எண்கள் அனைத்துமே இந்த எல்லைக்குள் அடங்கும் என்று ராமானுஜன் நிறுவியிருந்தார்.

பகா எண்கள் எவ்வளவு ஒழுங்காகப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றி 1859இல் ரீமன் முன்வைத்த ஊகம் அது; இன்றுவரை நிறுவப்படவில்லை. பகா எண்களுக்கு நேரெதிர் முனையில் நிற்கும் எண்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? மேலே 29 உள்ளே வரத் தவறிய கணக்கை நினைத்துப் பார்த்தால் விடை தெரியும். காரணிகள் நிறைந்த எண்ணைக் கட்டுகிறவர், அடுத்த பகா எண் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு படியிலும் பார்த்தே ஆகவேண்டும். பகா எண்கள் எதிர்பாராத இடங்களில் நெருங்கி வந்தால் அந்தத் தடம் இந்த எண்களில் பதியும். அதனால்தான் மிகுபகு எண்களைப் பற்றிய ஆய்வு, பகா எண்களைப் பற்றிய ஆய்வாகவே முடிகிறது. ஒதுக்குப்புறம் என்று கருதப்பட்ட இந்தக் கட்டுரை நேரே மையத்துக்குப் போகும் பாதையில் இருந்தது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ராமானுஜனின் முடிவு தெரியாமலே, 1984இல் ரோபன் அதைத் தானாகக் கண்டு இன்னும் கூர்மையாக்கினார். 5040ஐவிடப் பெரிய ஒவ்வோர் எண்ணும் அந்த எல்லைக்குள் அடங்கினால், அடங்கினால் மட்டுமே, ரீமன் கருதுகோள் உண்மை. பிளேட்டோவின் அதே 5040! அதன் காரணிகளின் கூட்டுத்தொகை 19,344. மடங்கு 3.838, எல்லையோ 3.817. எல்லையைத் தாண்டியதாக நாம் அறிந்த எண்களில் மிகப் பெரியது அது. அதற்கு மேல் தாண்டும் எண் ஒன்று எங்கேனும் இருந்தால் ரீமன் கருதுகோள் தவறாகிவிடும். அப்படித் தாண்டும் எண்களும் முடிவின்றி இருக்கும்.

எங்கே தேடுவது என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. எல்லையைத் தாண்டும் எண் 5040க்கு மேலே இருக்குமானால், அவற்றில் மிகச் சிறியது, காரணிகளின் கூட்டுத்தொகைக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதத்தில் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் மிஞ்சிய எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று 2009இல் அமீர் அக்பரியும் ஜாக்கரி ஃப்ரிக்ஸ்டாடும் நிறுவினார்கள். அத்தகைய எண்களிலும் பகா எண்களின் அடுக்குகள் 2 முதல் வரிசையாக, எங்கும் ஏறாமல் இறங்கியே வருகின்றன.